அடையாற்றங்கரைக் கன்னிமாடத்தில் சம்பந்திக்கு ஜாகை பார்த்தது

யுத்தம் முடிந்த மறு வருஷம், சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு இடம் பார்க்க அடையாற்றுக்குப் போனேன். மயிலாப்பூரில் கொஞ்சம் தாராளமாக இருக்கிற சத்திரமெல்லாம் வைகாசி முடியும் வரை மற்றப் பெண்களின் தகப்பனார்கள் பிடித்து வைத்திருந்தார்கள். மிஞ்சிய இரண்டையும் மாப்பிள்ளையின் தாயார் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காரணம், அவளுடைய நாத்தனார். அந்த அம்மாள் கடுமையான மடிக்காரி. சமையலறையிலிருந்து அவள் அறைக்குச் சாப்பாடு வரும் வழியில் கண்டவர்களும் குறுக்கே போனால் அன்று பட்டினி. மூன்றாவது இடமும் சரிப்படாவிட்டால் முகூர்த்தத்தைத் தள்ளிப் போட வேண்டியதுதான் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். கல்யாணத்தைத் தள்ளிப் போட்டால் ஊர் என்ன பேசும் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அப்போது என் கண்ணில் பட்டதுதான் ஆற்றின் தென்கரையில் இருக்கும் அந்தத் தோட்ட பங்களா. முன்னொரு காலத்தில் வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரிகள் கட்டிய மாடம். அவர்கள் வேறு ஊருக்குப் போன பிறகு, ரங்கூனில் தேக்கு வியாபாரம் செய்த ஒருவர் அதை வாங்கிக் கோடைவாசத்துக்காக மாற்றிக் கட்டினார். மூன்றாவது பாரத்தோடு படிப்பை முடித்துக்கொண்ட எனக்குக் கட்டடக் கலை பற்றி எழுத யோக்கியதை கிடையாது. ஆனால் அன்று அந்தச் சுவர் ஒவ்வொன்றையும் நான் பார்த்த மாதிரி எந்த இன்ஜினியரும் பார்த்திருக்க மாட்டார். எங்கே சிலுவை தெரிகிறது என்பதுதான் என் கவலை.

கிளம்பும்போதே என் மனைவி எச்சரித்திருந்தாள்: "கன்னியாஸ்திரி இருந்த எடம்னு தெரிஞ்சா சம்பந்தி மாமி வாசப்படியை மிதிக்க மாட்டா. வாயைப் பொத்திண்டு போயிட்டு வாங்கோ."

மயிலாப்பூர் குளத்தருகே ஜட்கா பிடித்தேன். போக, வர, அங்கே காத்திருக்க எல்லாம் சேர்த்து ஒன்றேகால் ரூபாய். தூரம் ஏறக்குறைய மூன்று மைல். சம்பந்தி அம்மாளும் அவள் புருஷனும் உள்ளே உட்கார்ந்தார்கள். மரியாதைக்காக நான் வண்டிக்காரன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். அது நல்லதாகப் போயிற்று. பாலம் வந்ததும் அவன் வாயைத் திறந்தான்.

"இன்னா சாமி, சாமியாரம்மா பங்களாதானே?"

"தேக்கு பங்களா!" என்று நான் கத்திய கத்தலில் குதிரை காதைத் தூக்கிற்று.

"அத்தான் சாமி, ரெண்டும் ஒண்ணுதான் கீது. எங்க நைனா அவுங்களுக்குப் பால் ஊத்திக்கினு இருந்தாரு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சம்பந்தி, யாரு சாமியாரம்மா?"

"அந்தக் காலத்திலே யாரோ தபஸ்வினிகள் இருந்தாளாம் மாமி," என்றேன். பாலத்தில் கடல்காற்று பலமாக அடித்தது. எனக்கு மட்டும் முதுகில் வேர்வை ஓடியது.

பங்களா பாலத்தைத் தாண்டிக் கிழக்கே, தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. நான்கு பக்கமும் வளைவுகள் வைத்த தாழ்வாரம், நடுவே கிணற்றோடு முற்றம். சுவர் இரண்டு முழம் அகலம். சுண்ணாம்பை அரைத்துப் பூசித் தேய்த்த பளபளப்பு இன்னும் போகவில்லை, கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கிறது. கூரை தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிய மெட்ராஸ் ஒட்டு. தாழ்வாரத்தைச் சுற்றிப் பதினெட்டு சின்ன அறைகள், ஒன்றுக்கு ஒரு கட்டில் போடத்தான் இடம். ஜன்னல்கள் முதலில் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தனவாம், வெளியே பார்த்துவிடக் கூடாது என்று. வியாபாரி ஆற்றுப் பக்கத்து ஜன்னல்களை மட்டும் கீழே இறக்கி வெட்டியிருக்கிறார். மணிக்கூண்டில் தண்ணீர்த் தொட்டி ஏறியிருந்தது. யுத்தத்தில் இங்கே தங்கிய பட்டாளத்துக்காரர்கள் கதவுகளில் எழுதிய நம்பர்கள் அப்படியே இருந்தன. சம்பந்திகளுக்கு அறை பிரித்துக் கொடுக்க சௌகரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் காசிம் பாய் பெரிய கூடத்தைத் திறந்தார். அதுதான் பழைய கோவில். மேற்குச் சுவரில் சிலுவையைப் பெயர்த்த இடத்தில் பூச்சு வேறு நிறமாக, சிலுவை மாதிரியே நின்றது. நான் ஓடிப்போய் அதன் முன்னால் கையை விரித்துக்கொண்டு, "எவ்வளவு அகலம் பாருங்கோ! இருநூறு இலை போடலாம்," என்றேன். அப்படிக் கையை விரித்து நின்றது இன்னும் மோசம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சம்பந்தி, "காத்து வருமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தாழ்வாரத்தில் உட்கார்ந்து பொடி டப்பாவைத் திறந்தார். மாமி விடவில்லை, நேரே சமையல் கட்டுக்குப் போனாள். அங்கே உள்சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு மரப்பீப்பாய் நிமிர்ந்து பதிந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் வாய். தள்ளினால் சுழன்று, வாய் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

"இது என்ன பாய்?"

நான் பின்னாலிருந்து கையை ஆட்டினேன், கண்ணைச் சிமிட்டினேன். பாய் என்னை ஏதோ வலிப்புக்காரன் என்று நினைத்திருப்பார்.

"கன்னியாஸ்திரிங்க வெச்சதும்மா. அவுங்க வெளி ஆளு மொகத்தைப் பாக்க மாட்டாங்க. பாலோ, அரிசியோ இதுல வெச்சு சுத்தினா உள்ளாற இருக்கறவங்க எடுத்துக்குவாங்க. கொரல் மட்டுந்தான் கேக்கும்."

முடிந்தது. முகூர்த்தம் போயிற்று என்று சுவரில் சாய்ந்துவிட்டேன். மாமி பீப்பாயை ஒரு தரம் சுற்றினாள். கையிலிருந்த வெள்ளிக் கூஜாவை அதில் வைத்து, தாழ்வாரத்தைச் சுற்றிக்கொண்டு உள் அறைக்குப் போனாள். பீப்பாய் தானாகச் சுழன்றது. அதன் வாய் என் பக்கம் திரும்பியபோது கூஜா இல்லை. சுவருக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஏன் சம்பந்தி, அப்போ அவாளும் நம்மாத்து மாதிரி மடியாத்தான் இருந்திருக்கா?"

"ரொம்ப மடி மாமி!" என்றேன்.

"இதை எனக்கு முன்னாடியே சொல்றதுக்கென்ன? கண்ட எடத்திலே கையை விரிச்சுண்டு நிக்கறேள். நாத்தனார் இந்த ரூமிலே இருக்கட்டும். சாப்பாடு இது வழியா வரட்டும். ஆனா அந்தப் பக்கம் சமையல்காரன் நிக்கப்படாது, அவன் ஊரையெல்லாம் தொட்டுட்டு வருவான். நீங்க குளிச்சு, மடி கட்டிண்டு, நீங்களே சுத்தணும்."

"ஆகட்டும் மாமி," என்றேன் பீப்பாயைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே. பாய் வெளியே போய்ச் சிரித்தார்.

இந்த இடத்தைக் கல்யாணத்துக்குப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் வெயில் ஏறியதும் ஆற்றிலிருந்து சேற்று நாற்றம் வரும். கிணற்றுத் தண்ணீர் லேசாக உப்பு, குடிக்க வண்டித் தண்ணீர் சொல்லிவைக்க வேண்டும். அறைக் கதவுகள் குள்ளம், மாப்பிள்ளை உயரமானவராக இருந்தால் முதல் நாளே எச்சரித்துவிடுங்கள். என் மாப்பிள்ளை நெற்றியில் சந்தனத்துக்குக் கீழே ஒரு வீக்கத்தோடுதான் மணையில் உட்கார்ந்தார். முக்கியமாக, கட்டடத்தின் பூர்வீகத்தைச் சம்பந்தியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைப்பதற்காக நான் பட்ட பாட்டில் பாதிகூடச் சொல்வதற்கு ஆகியிருக்காது.

கல்யாணத்தில் நான் இருந்த இடம் பெரும்பாலும் அந்தப் பீப்பாய்ப் பக்கம்தான். தாரை வார்க்க ஓடினேன், திரும்ப ஓடிவந்து குளித்து, ஈர வேஷ்டியோடு சுற்றினேன். நாத்தனார் அம்மாளின் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. முதல் இரண்டு நாளும் உள்ளேயிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. பாத்திரம் திரும்பி வரும், நான் அடியில் எவ்வளவு மீந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பேன். சாதம் மீந்திருந்தால் எனக்குச் சாதம் இறங்காது. கடைசி நாள் மத்தியானம் பீப்பாய் சுழன்று வெறும் கிண்ணம் ஒன்று வந்தது, துடைத்து வைத்த மாதிரி. அதன் பின்னாலேயே குரலும் வந்தது.

"அந்த ரசம் இன்னும் கொஞ்சம் இருக்குமா?"

சமையல்காரனுக்குக் காத்திராமல் நானே அண்டாவிடம் ஓடினேன்.