தகரம் தட்டிய காலை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்தக் காம்பரா வீடுகளில், தகரம் தட்டினால் அதற்கு ஒரே பொருள்தான்: சிறுத்தை வந்திருக்கிறது. கடைசிக் காம்பராக்காரரின் நாயை ஒரு சிறுத்தை தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து ஏற்பட்ட வழக்கம் அது. வாசல்தோறும் ஒரு பழைய எண்ணெய்த் தகரமும் ஒரு தடியும் கிடக்கும். விளையாட்டுக்குக்கூடப் பிள்ளைகள் அதைத் தொடக் கூடாது. நான் தொட்டேன். அப்போது எனக்கு எட்டு வயது.

எல்லாவற்றுக்கும் காரணம் அம்மாவின் ஓட்டம்தான். பள்ளிக்கூட நாட்களில் மாகாண மட்டம் வரை ஓடியவள் அவள். பிறகு தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனாள், கலியாணம் செய்தாள், என்னையும் தம்பியையும் பெற்றாள். ஓட்டம் என்ற ஒன்றே மறந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டுக்குப் பூண்டுலோயாவில் பெண்களுக்கான மரதன் ஓட்டம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அம்மா அதை நின்று இரண்டு தரம் வாசித்தாள். அடுத்த வாரமே அப்பா ஒரு சோடிச் சப்பாத்து வாங்கி வந்தார். ஒரு அளவு பெரியது. முன்னால் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டாள்.

அம்மாவின் நாளில் ஓடுவதற்கு இடமே கிடையாது. நாலு மணிக்கு எழுந்து ரொட்டி சுட்டு, தண்ணீர் பிடித்து, ஏழு மணிக்குள் தம்பியைப் பிள்ளை மடுவத்தில் ஆயாம்மாவிடம் விட்டுவிட்டுப் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய வேலை இல்லை. ஆனாலும் அவள் இடம் கண்டுபிடித்தாள். அடுப்படியில் நிற்கும்போது குதிகாலை ஏற்றி ஏற்றி இறக்குவாள். சாயங்காலம் தம்பியை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு லயத்துப் படிகளில் பத்துத் தரம் ஏறி இறங்குவாள். அவனுக்கு அது யானைச் சவாரி. மற்றப் பெண்கள் வாயில் சேலையை வைத்துச் சிரிப்பார்கள். அம்மாவுக்கு மூச்சு வாங்குமே தவிர வெட்கம் வராது. இப்போது நினைத்தால் அவளைக் கும்பிடத் தோன்றுகிறது.

உண்மையான ஓட்டம் காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை. அப்பா தேயிலைப் பெக்டரியில் இரவு வேலை முடித்து வர ஆறரையாகும். நடுவில் அந்த ஒரு மணி நேரத்துக்குத் தம்பி என் பொறுப்பு. ஏதாவது என்றால் வாசல் கொடியில் சிவப்புத் துவாயைப் போட வேண்டும். அம்மா எங்கள் வாசல் கண்ணில் படுகிற கீழ் ரோட்டைத் தவிர வேறு எங்கும் ஓடுவதில்லை. பக்கத்துக் காம்பராவில் பெரியம்மா இருந்தார். ஆனால் பிள்ளைக்காரிக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்டவர் என்பதால் அவரிடம் அம்மா உதவி கேட்கவில்லை.

அன்று தம்பி எழுந்து அழ ஆரம்பித்தான். ரொட்டியைத் துப்பினான். தேத்தண்ணியைத் தட்டிவிட்டான். எனக்கும் அழுகை வந்தது. துவாயை எடுத்துக்கொண்டு, வாசலில் படுத்திருந்த எங்கள் நாயைத் தாண்டி வெளியே வந்தால் மலையையே காணோம். பனி அப்படி மூடியிருந்தது. கொடியில் போட்டேன். இரண்டு எட்டு தள்ளி நின்று பார்த்தால் எனக்கே அது தெரியவில்லை. அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. தகரத்தை எடுத்து என் பலம் எல்லாம் சேர்த்துத் தட்டினேன்.

தம்பி அழுகையை நிறுத்திவிட்டான். கைகொட்டிச் சிரித்தான்.

ஆனால் லயம் விழித்துவிட்டது. சாரத்தைப் பிடித்துக்கொண்டும் கத்தியைத் தூக்கிக்கொண்டும் ஆட்கள் வெளியே வந்தார்கள். யார் தட்டியது, எங்கே கண்டாய் என்று பெரியம்மா என்னைப் பிடித்து உலுக்கினார். என் கை தானாக எழுந்து கீழே தேயிலைப் பக்கம் காட்டியது.

காட்டிய இடத்தில் தேயிலைச் செடிகள் படபடவென்று விலகின. ஆட்கள் தடியை ஓங்கினார்கள். பனிக்குள்ளிருந்து வந்தது அம்மா. ரோட்டைச் சுற்றி வராமல் மலையில் நேராக ஏறி வந்திருக்கிறாள். காலெல்லாம் கீறல், ரத்தம். ஒரு சப்பாத்தைக் காணோம். என்னையும் தம்பியையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கிக்கொண்டாள். அவள் நெஞ்சு அடித்த அடி என் காதில் தகரத்தைவிடப் பலமாகக் கேட்டது.

“இதுக்குத்தான் சொன்னேன். புள்ளைங்கள தனியா விட்டுட்டு ரோட்டுல ஓடுறது நமக்கெல்லாம் எதுக்கு?” என்றார் பெரியம்மா.

அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஓடப் போகவில்லை. எஞ்சிய ஒற்றைச் சப்பாத்து ஆணியில் தொங்கியது. அம்மா வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று ஏங்கியவள் நான்தான். இருந்தாள். ரொட்டி சுட்டாள், பேசவில்லை. அந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் தேயிலைக்குள் தண்ணீர் ஓடும் கானில் கிடந்த மற்றச் சப்பாத்தை அப்பா தேடிக் கொண்டுவந்தார். அதை நான் வாங்கிக் கழுவி அம்மாவிடம் நீட்டி, சிறுத்தை வரவில்லை என்று அழுதேன்.

“தெரியும். சிறுத்த வந்திருந்தா நம்ம நாய் கொலைச்சிருக்கும். அது வாசல்லயே படுத்துக்கிட்டுல்ல இருந்துச்சு” என்றாள். அடிக்கவில்லை. லயத்தில் யாருக்கும் சொல்லவும் இல்லை. அதன்பின் ஒரு மாதம் ஆண்கள் டோர்ச் இல்லாமல் வெளியே இறங்கவில்லை என்பது வேறு கதை.

பெரியம்மா ஆணியில் தொங்கிய சப்பாத்தையே மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார் போல. அன்று மாலை வாசலில் வந்து நின்று, யாரிடமோ கோபித்துக்கொள்வதுபோலச் சொன்னார்: “அந்நேரம் நானும் முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்? ரெண்டையும் என் காம்பராவுல விட்டுட்டுப் போனா என்னவாம்?”

புத்தாண்டு ஓட்டத்தின் கடைசிப் பகுதி செங்குத்தான ஏற்றம். முன்னால் வந்தவர்கள் பலர் அங்கே நடந்தார்கள். அம்மா ஒருத்திதான் ஓடி ஏறினாள். இரண்டாவதாக வந்தாள். பெரியம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார். திரும்பும் வழியில் அப்பா, “அந்த மேட்டுல மட்டும் எப்படி ஓடுன?” என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே, “சிறுத்த வந்திருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்” என்றாள்.

எல்லோரையும்விட அதிகம் சிரித்தது நான். அம்மாவைச் சிறுத்தை துரத்த அவள் பறந்து வந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் உறுமிக் காட்டியே சொன்னேன்.

இப்போது ராகலையில் இருக்கிறேன். ஒரு வயதில் மகள். அவளைக் கணவரிடம் விட்டுவிட்டுக் காலையில் நானும் ஓடுகிறேன். போன மாதம் இங்கே கீழ் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது மேலே எங்கோ யாரோ தகரம் தட்டினார்கள். மரக்கறித் தோட்டத்தில் பன்றி விரட்டியிருப்பார்கள். நான் யோசிப்பதற்குள் என் கால் திரும்பி மேட்டில் பாதி ஏறிவிட்டது. அங்கே மூச்சு வாங்கி நின்றபோதுதான் விளங்கியது. அம்மா சொன்ன சிறுத்தை அவளுக்குப் பின்னால் வரவே இல்லை. தகரம் கேட்ட அவள் மனதில் அது மேலே, எங்கள் வாசலில் நின்றது. கையில் ஒரு குச்சிகூட இல்லாமல் அவள் அதனிடம்தான் ஓடி வந்திருக்கிறாள்.