கேட்காமல் விட்ட காபரேட்டர்கள்

அப்பாவின் காரை உமிக்குள்ளிருந்து வெளியே எடுக்க எனக்கு ஒரு பகல் முழுதும் போனது. எங்கள் நெல் ஆலைக்குப் பின்னால் இருக்கும் கொட்டிலில், காரின் கூரை மறையும்வரை உமியைக் கொட்டி அவர் அதை மூடி வைத்திருந்தார். கடலோடு சேரும் வாவியின் காற்றிலுள்ள உப்பை உமி தடுக்கும் என்பது அவருடைய எண்ணம். பாதி சரியாகத்தான் இருந்தது. மேற்பக்கம் தப்பியிருந்தது. அடித்தட்டு கைபட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. சீட்டுகளுக்குள் எலிகள் பரம்பரையாகக் குடியிருந்திருக்கின்றன.

இங்கிலாந்தில் செய்த கார். நீண்ட மூக்கு, இரண்டே கதவு. பின் சீட்டில் சின்னப் பிள்ளைகள்தான் மடங்கி இருக்கலாம். தூரப் பயணத்துக்கென்றே செய்தது என்பார் அப்பா. மலைநாட்டுத் தோட்டமொன்றை விட்டுத் தன் நாட்டுக்குப் போன ஒரு துரையிடம் வாங்கியது. காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருந்த ஹாஜியாரும் அப்பாவும் அதில்தான் கொழும்புக்குப் போவார்கள். போகும்போது அப்பா ஓட்டுவார், வரும்போது ஹாஜியார் ஓட்டுவார். இவர் அவரை மச்சான் என்பார், அவரும் இவரை மச்சான் என்பார்.

சண்டைக் காலத்தில் ஓடக்கூடிய வாகனம் எதுவும் சொந்தக்காரனிடம் தங்கவில்லை. துவக்கும் தோட்டாவுமாக வந்தவர்கள் சாவியைக் கேட்டார்கள். அதனால் அப்பா காரின் இரண்டு காபரேட்டர்களையும் கழற்றி ஹாஜியாரிடம் கொடுத்து வைத்தார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவது அதுதான். அது இல்லாத காரைத் தள்ளிக்கொண்டுதான் போகலாம். பிறகு எங்கள் தமிழ் ஊருக்கும் அவர்களுடைய முஸ்லிம் ஊருக்கும் நடுவே நடக்கக்கூடாததெல்லாம் நடந்தது. இங்கேயும் செத்தார்கள், அங்கேயும் செத்தார்கள். எல்லாம் ஓய்ந்த பின்னும் அப்பா அங்கே போகவில்லை, ஹாஜியார் இங்கே வரவில்லை. காரைப் பற்றிப் பேசுவதையே அப்பா விட்டுவிட்டார். அப்படியே போய்ச் சேர்ந்தார்.

நான் எட்டாம் வகுப்போடு ஆலைக்கு வந்தவன். எதைத் தொட்டாலும் பிழையாகிவிடுமோ என்று யோசிக்கிறவன். காரைத் திருத்துவது என்று முடிவெடுத்த பிறகு அந்த யோசனை இரட்டித்தது. ஓட்டமாவடியிலிருந்து ஒரு மெக்கானிக் ஆலைக்கே வந்து வேலை செய்தார். உடலை வேறாக, எஞ்சினை வேறாகப் பிரித்துப் போட்டார். கழன்ற ஒவ்வொரு நட்டையும், அது எந்த இடத்து நட்டு என்று எழுதி, வெறும் தயிர்ச் சட்டிகளில் போட்டு வரிசையாக வைத்தேன்.

"அண்ணன், இது காரா, தயிர்க்கடையா?" என்பார் மெக்கானிக்.

பழைய பச்சை நிறம் வரவேண்டுமென்று கதவின் உட்புறத்தைச் சுரண்டிக் காட்டிப் பெயின்ட் கலக்க வைத்தேன். காய்ந்தபின் மனம் ஒப்பாமல் திரும்பவும் கலக்க வைத்தேன். எல்லாம் அப்பா வைத்திருந்தபடியே இருக்கவேண்டும், வேறொரு ஆணிகூட அதில் ஏறக்கூடாது என்பதுதான் என் ஆசை.

ஆனால் காபரேட்டர் ஹாஜியாரிடம் இருந்தது.

"ஹாஜியார் உசிரோட இரிக்கார் எண்டுதான் கேள்விப்பட்டன். நான் போய்க் கேக்கட்டா?" என்றார் மெக்கானிக்.

வேண்டாம் என்றேன். வீட்டில் மனைவி அதை அப்படியே விடவில்லை.

"போய் ஒருக்காக் கேட்டா என்ன, கடிச்சா போடுவார்?"

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு போய்ச் சாமானக் கேட்டா, சந்தேகத்தில கேக்கிறம் எண்டு நினைப்பார்."

"என்ன சந்தேகம்?"

"வித்துப்போட்டார் எண்டு."

"வித்திருந்தா வித்துப்போட்டன் எண்டு சொல்லுவார். தேத்தண்ணி தருவார். குடிச்சிட்டு வாங்க."

"வித்திருந்தா அவருக்கு வெக்கமா இரிக்கும்."

"அவர்ர வெக்கத்தையும் நீங்களே வாங்கி வச்சிக் கவலைப்படுங்க" என்று சொல்லி என் தட்டில் சோற்றைப் போட்டாள்.

ஒருநாள் புறப்பட்டு, காத்தான்குடி வழியிலுள்ள கல்லடிப் பாலம்வரை போனேன். அன்று வெள்ளிக்கிழமை, கடை பூட்டியிருக்கும் என்று எனக்கே காரணம் சொல்லித் திரும்பினேன். இன்னொரு நாள் மழை. பிறகு நோன்பு வந்தது. நோன்பு நேரத்தில் பெரிய மனிதரைக் கரைச்சல்படுத்தக்கூடாது என்றேன். கடைசியில் லண்டனில் இருக்கும் அக்காவின் மகனிடம் சொல்லி, அதே மாதிரியில் புதிய சோடி ஒன்றை அனுப்புவித்தேன்.

கார் ஓடியது. சத்தம் கேட்டு ஆலையில் நின்றவர்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். அடுத்த நாளே மனைவியை ஏற்றிக்கொண்டு காத்தான்குடிக்கு விட்டேன். இனிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை, காட்டத்தானே போகிறோம் என்றதும் பயம் போய்விட்டது. ஹாஜியார் கண்டால் சாவியைக் கேட்பார், கொடுக்கவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன்.

பேரீச்சை மரங்கள் நிற்கும் பெரிய வீதியில், கடைக்கு முன்னால் நிறுத்தினேன். ஹாஜியாரின் மகன் வெளியே வந்தார். என்னைவிடச் சற்று இளையவர். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். யாருடைய கார் என்று அவர் கேட்கவில்லை.

"வாப்பா இதக் காணல்லயே" என்றார். "போன நோன்புப் பெருநாள் முடிஞ்ச கையோட மௌத்தாகிட்டார்."

நான் சாட்டுச் சொல்லித் தள்ளிப்போட்ட அதே நோன்பு முடிந்துதான் ஹாஜியார் இறந்திருக்கிறார்.

உள்ளே கூட்டிப்போய் இருத்தினார். தேத்தண்ணி வந்தது. பிறகு ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்துத் திறந்தார். இடுப்பில் கட்டும் சாரனின் துண்டொன்றில் சுற்றியபடி இரண்டு காபரேட்டர்களும் எண்ணெயில் ஊறிக் கிடந்தன.

"ஒவ்வொரு பெருநாளைக்கும் வீடு துப்பரவாக்கக்குள்ள எடுத்துத் தையல் மெஷின் எண்ணெய் போடுவார். எங்களத் தொட உடமாட்டார். அமானிதம் எண்டுவார்."

நம்பி ஒப்படைத்த பொருளை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதைக் காப்பது மார்க்கக் கடமை.

"கொண்டுபோய்க் குடுப்பமே வாப்பா எண்டு நாங்களும் சொன்னம். கொண்டுபோய்க் குடுத்தா இனி வராதிங்க எண்டு சொன்ன மாதிரி ஆகும், அவங்க காரத் திருத்தக்குள்ள தாங்களே வருவாங்க எண்டார்."

அவற்றை எந்த இடத்தில் பூட்டுவது என்று பார்க்க மகன் ஆசைப்பட்டார். மறுக்க முடியாமல் போய் பொனட்டைத் திறந்தேன். லண்டன் சோடி பளபளவென்று இருந்தது. அவர் கொஞ்சநேரம் குனிந்து பார்த்தார்.

"வேற எடுத்திட்டிங்க போல."

"லண்டனில இருந்து."

"நல்லம். நல்ல சாமான்."

டின்னின் மூடியை அழுத்தி மூடி, என்னிடம் நீட்டாமல் மனைவியின் கையில் கொடுத்தார். உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்ல நினைத்தேன். குறையாக எடுத்துக்கொள்வாரோ என்று சொல்லவில்லை.

மெக்கானிக் பழையதைத் திரும்பப் பூட்டினார். சத்தத்தில் வித்தியாசம் தெரிகிறது என்கிறார். எனக்குத் தெரியவில்லை. நான் ஆசைப்பட்டபடி கார் இப்போது முழுசாக நிற்கிறது. அதைப் பழக்கப்பட்ட கையோடு ஓட்ட ஒருவரும் இல்லை.

லண்டன் சோடி அந்த டின்னுக்குள் இருக்கிறது.

"அதக் கொண்டுபோய் அந்த மகனிட்டக் குடுங்க. அமானிதமா வச்சிரிக்கச் சொல்லுங்க" என்கிறாள் மனைவி.

"என்னத்துக்கு எண்டு கேட்டா?"

"கேக்கமாட்டார்."

கேட்டுவிட்டால் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் போகவில்லை.