மூணாம் செலக்ஷன் கோர்ட்

ஒரே ஒரு ஊர்ல மூணு கோர்ட் இருந்துச்சாம், மூணுக்கும் சுண்ணாம்புக் கோடு போட ஒரே ஒரு மார்க்கர் இருந்தானாம். கதை கேட்டே வளர்ந்தவன் என்பதால் எனக்கு எதையும் இப்படித்தான் ஆரம்பிக்க வரும். ஆனால் இது கதை இல்லை, அந்த மார்க்கர் நான்தான். ஊர் ஆம்பூர். தொண்ணூறுகளின் கடைசியில், தோல் பதனிடும் டேனரிக்காரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு கிளப்பில் வேலை. கோடு போடுவது, வலை கட்டுவது, பாயிண்ட் சொல்வது, ஆள் குறைந்தால் உள்ளே போய் நிற்பது. ஆட்டம் பூப்பந்து. மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், பந்து தரையைத் தொட்டால் பாயிண்ட் போச்சு.

சாயங்காலம் ஆசையாக பேட்டைத் தூக்கிக்கொண்டு போய், "நீங்க அந்தக் கடைசிக் கோர்ட்டுக்குப் போங்க சார்" என்ற வார்த்தையைக் கேட்டு முகம் சுருங்கி நின்றவரா நீங்கள்? அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள். அந்த வார்த்தையைச் சொல்கிற பாவப்பட்ட வாய் என்னுடையது.

டெஸ்ட் எப்போ?

டேனரியில், பதம் முடிந்த தோலை மேசையில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தடவிப் பார்த்து, ஒண்ணாம் செலக்ஷன், ரெண்டாம் செலக்ஷன், மூணாம் செலக்ஷன் என்று பிரிப்பார்கள். எங்கள் கிளப்பில் ஆட்களுக்கும் அப்படியே. கிளப் செக்ரட்டரி கரீம் பாய், அந்த மேசையிலேயே நின்று தாடி நரைத்தவர். கிளப்பில் சேருகிறவருக்குப் போட்டி வைக்க மாட்டார், பரீட்சை வைக்க மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தினசரி ஆட்டத்தைப் பார்த்தபடி நடப்பார். என்றைக்கோ ஒரு நாள் என் காதில் ஒரு நம்பர் சொல்வார். அந்த ஆள் அதற்கப்புறம் அந்த நம்பர் பலகை மாட்டின கோர்ட்டில்தான் ஆட வேண்டும்.

முரளி என்று ஒருவர், டேனரிகளுக்குச் சாயம் விற்கிற சேல்ஸ்மேன், புதிதாகச் சேர்ந்தார். வெள்ளை ஷூ, வெள்ளை சாக்ஸ், உறை போட்ட பேட். தினமும் என்னிடம் வந்து, டெஸ்ட் எப்போ, நான் தயாரா இருக்கணுமே என்று கேட்பார். நான் வலையை இறுக்கிக் கட்டப் போய்விடுவேன். கடைசியில் பாயிடமே போய்க் கேட்டுவிட்டார். பாய் அவரை அன்பாகத் தோளில் தட்டினார்.

"டெஸ்ட்டு இன்னாத்துக்கு சார்? பந்தை விட்டப்ப நீங்க யாரைத் திட்டனீங்கன்னு பார்த்தேன், அதுலயே தெரிஞ்சிபோச்சு. மூணாவது கோர்ட்டு."

காதுக்கு எட்டாத பாயிண்ட்

எனக்குக் குரல் கம்மி. வீட்டில் பேசினாலே, யாருடன் ரகசியம் என்று கேட்பார்கள். அப்படிப்பட்டவனை நாற்காலியில் ஏற்றி, பத்து பேர் கத்துகிற இடத்தில் பாயிண்ட் சொல்ல வைத்தால் என்ன ஆகும்? ஒரு நாள் ரெண்டாம் கோர்ட்டில் ஆட்டம் முடிந்துவிட்டது, நான் சொல்லியும்விட்டேன், யாருக்கும் கேட்கவில்லை. எல்லாரும் ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஜெயித்தவர்கள் ஜெயித்தது தெரியாமல் ஆடி, தோற்றவர்கள் மாதிரி களைத்துப் போனார்கள். விஷயம் தெரிந்ததும், முன்வரிசையில் நின்ற தோல் லாரி புக்கிங் ஆபீஸ் அண்ணன் ஒருவர் பேட்டை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"பாயிண்ட்டை எடுத்து உன் சட்டைப் பையில போட்டுக்கினா எங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

சகாயம் அண்ணன் அடித்த பந்து

ஒண்ணாம் கோர்ட்டில் நடுவில் நிற்பவர் சகாயம் அண்ணன். டேனரியில் ஷேவிங் மெஷின் ஆபரேட்டர். தோலை ஒரே கனமாகச் சீவுகிற மெஷின் அது. கண்ணும் கையும் ஒன்றாகப் போகாவிட்டால் தோல் கிழியும். அந்தக் கையைத்தான் சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டுவருவார்.

எவ்வளவு பார்த்திருக்கிறேன், இருந்தாலும் அவர் அடிக்கிற கட் ஷாட்டை எனக்கு இன்னும் விளக்கத் தெரியாது. பேட் பலமாக வரும், எதிரில் இருப்பவர்கள் எல்லாம் பின்னால் ஓடுவார்கள். பந்து மட்டும் வலையைத் தாண்டியதும் தன் வேலை முடிந்த மாதிரி நின்றுவிடும். வாணியம்பாடி டீமோடு வருஷா வருஷம் நடக்கும் மேட்ச்சில் ஒரு தடவை அப்படி ஒரு பந்து விழுந்தபோது, நான் பாயிண்ட் சொல்லவே மறந்துபோனேன். பந்தை விட்ட வாணியம்பாடிக்காரர் கோபப்படவில்லை. குனிந்து எடுத்து, கம்பளி பிரிந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் ஆட்களிடம் சொன்னார்.

"எல்லாரும் அடிச்சா பந்து விழுது. இவரு அடிச்சா உக்காருது."

வெட்டு

அடுத்த வருஷம் அந்த ஷேவிங் மெஷின் சகாயம் அண்ணனின் வலது கையில் இரண்டு விரலையும் கட்டைவிரலில் பாதியையும் எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. திரும்பி வந்தவருக்கு டேனரியில் கேட்டில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். வருகிறவர்களுக்குக் கதவு திறக்கிற வேலை. சாயங்காலம் கோர்ட்டுக்கும் வந்தார், பேட் இடது கையில் இருந்தது. முதல் நாள் அவர் போட்ட சர்வீஸ் வலைக்கே போகவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாய் என் காதில் சொன்ன நம்பர் மூணு.

சொல்லப் போனபோது என் குரல் வழக்கத்தைவிடக் கம்மியாகிவிட்டது. சகாயம் அண்ணன் என் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார். அவருக்கு வருத்தம் கோர்ட்டைப் பற்றி இல்லை. வாணியம்பாடி மேட்ச்சுக்கு ஒண்ணாம் கோர்ட் ஆட்களில் இருந்துதான் ஐந்து பேர் எடுப்பார்கள். இன்னும் ஒரே ஒரு தடவை அந்த ஐந்து பேரில் நிற்க வேண்டும், பகல் முழுக்க கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தவன் சாயங்காலமும் வெளியேவே நிற்கணுமா என்று கேட்டார். ஆடி ஆடி மேலே ஏற முடியுமா என்று பாயிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். கேட்டேன். கிளப்பில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: செலக்ஷன் இறங்கலாம், ஏறாது. பாய் என் முகத்தைப் பார்க்காமல் வலைக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வெட்டு விழுந்த தோலு மூணுல இருந்து ஒண்ணுக்குப் போயி நான் பார்த்ததில்ல தம்பி. எங்களுக்குத் தெரிஞ்ச தொழில் அது ஒண்ணுதான்."

பந்து கீழே வராத நேரம்

மூணாம் கோர்ட் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் அங்கே நின்றவர்கள்தானே. சர்வீஸ் போடுவார்கள், பந்து விழும். எடுத்து வருவார்கள், போடுவார்கள், விழும். ஆட்டத்தைவிடக் குனிவதுதான் ஜாஸ்தி. அங்கே போய் நின்ற சகாயம் அண்ணனால் இடது கையில் வேகமாக அடிக்க முடியவில்லை. அதனால் அடிப்பதை விட்டுவிட்டார். எதிரில் யார் எவ்வளவு மோசமாகப் போட்டாலும் பந்தைத் தூக்கி, அவர்கள் பேட்டுக்கே எட்டுகிற மாதிரி திருப்பிக் கொடுத்தார். முதலில் பாதி தப்பியது. மழைக்காலம் முடிவதற்குள் எதுவும் தப்பவில்லை. முரளி எதிர்ப்பக்கம் நின்று, எனக்கு ஆட வருதேப்பா என்று திரும்பத் திரும்ப என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பந்து பாலாற்றுக் காற்றில் சாய்ந்தால், சகாயம் அண்ணன் முன்னாலேயே அங்கே போய் நின்றிருப்பார். பந்துக்கு அவர்தான் வழி சொல்லி அனுப்பினார் என்று தோன்றும்.

பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு சொன்னால், கையில் இருக்கிற பாயிண்ட் முடிந்ததும் ஆட்டத்தை நிறுத்துவது கிளப் வழக்கம். ஒரு நாள் பாங்கு தொடங்கியபோது மற்ற இரண்டு கோர்ட்டும் நின்றுவிட்டன. மூணாம் கோர்ட்டில் பந்து மேலே இருந்தது. பாங்கு முழுதும் முடிந்தது, பந்து மேலேயே இருந்தது. வலைக்கு இந்தப் பக்கம் முரளி மூச்சு வாங்குகிறார், அந்தப் பக்கம் சகாயம் அண்ணன் காலைக்கூட அதிகம் நகர்த்தவில்லை. எல்லாரும் வந்து கோட்டோரம் நின்றார்கள். பந்து பேட்டில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது. தொப்பி போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பின பாய், போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கேட்டில் தவித்தார்.

"பந்தைக் கீழ விடு சகாயம், தொழுகைக்கு நேரமாவுது."

முட்டி வலி

அதற்கப்புறம் ஒண்ணாம் கோர்ட்டில் ஒரு நோய் பரவியது. ஏறத்தானே முடியாது, இறங்கலாம் இல்லையா? ஒருவர் பாயிடம் போய் முட்டி வலி என்றார், என்னை மூணாவதில் போடுங்கள் என்றார். இன்னொருவருக்கு தோள்பட்டை. இன்னொருவருக்கு வயது ஆகிவிட்டது, அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. எல்லாருக்கும் சகாயம் அண்ணன் ஆடுகிற கோர்ட்டில் ஆட வேண்டும். பெஞ்சியில் முறை வைத்து உட்கார்ந்தார்கள். நான் காலையில் பார்த்துப் பார்த்துக் கோடு போட்ட ஒண்ணாம் கோர்ட்டில் ஒரு ஆடு குட்டியோடு படுத்திருந்தது.

பாய் ஆள் ஆளாக மூணாவதுக்கு அனுப்பிக்கொண்டே வந்தார், சட்டம் சட்டம்தானே. வாணியம்பாடி மேட்ச் கிட்டே வந்தபோது, ஒண்ணாம் செலக்ஷனில் மிச்சம் இருந்தது, எப்போதாவது அங்கே இறங்கி ஆடுகிற பாய் ஒருவர்தான். ஐந்து பேருக்கு எங்கே போவது? அன்று கடைசியாகப் போய்க் கேட்டவர் எங்கள் லாரி புக்கிங் அண்ணன். ரெண்டாவதில் இருந்தவருக்கே இப்போது மூணாவது வேண்டும். பாய் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு எங்க வலின்னு நீயே சொல்லிடு. எனக்குக் கேட்டுக் கேட்டு பேஜாராப் போச்சு."

பலகை

மறுநாள் பாய் தானே பேட்டை எடுத்துக்கொண்டு மூணாம் கோர்ட்டுக்கு வந்தார். தன் கோர்ட்டில் ஆள் குறைந்தால் மேல் கோர்ட்காரர் கீழே வந்து நிற்கலாம், அதில் தப்பில்லை. சகாயம் அண்ணனுக்கு நேர் எதிரே நின்றார். பந்தை எல்லாம் அவருடைய வலது பக்கத்துக்கே அனுப்பினார். எனக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம்தான் புரிந்தது: சந்தேகப்பட்ட இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காமல் இவர் எந்தத் தோலையும் பிரித்ததில்லை. சகாயம் அண்ணனும் புரிந்துகொண்டார் போல. இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் திருப்பினார். கடைசியில் ஒன்றை மட்டும் திருப்பும்போது மணிக்கட்டை லேசாக மடக்கினார். பாய் பின்னால் ஓடினார். பந்து வலையைத் தாண்டி, அப்படியே உட்கார்ந்தது. அந்தக் கட், இடது கையில். பெஞ்சியில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.

பாய் நேரே வலைக்கு வந்து, கையைக் காட்டு என்றார். சகாயம் அண்ணன் இடது கையை நீட்டினார். அது இல்லை, அந்தக் கை என்றார் பாய். பாதி விரல்களோடு இருந்த வலது கையை வலைக்கு மேலாக வாங்கி, மேற்கு வெளிச்சத்துக்குத் திருப்பி, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தோலை ஏத்தற வழக்கம் நமக்கு இல்ல. மேசையை மாத்தக் கூடாதுன்னு யாரும் சொல்லல. ஒண்ணு, மூணு, ரெண்டு கோர்ட்டுப் பலகையையும் கழட்டி மாத்தி மாட்டு தம்பி."

மாட்டினேன். 'ஒன்று' என்ற பலகை மூணாம் கோர்ட்டுக்கு வந்தது. முரளி, தானும் ஒண்ணாம் செலக்ஷன் ஆகிவிட்டதை வீட்டுக்குச் சொல்ல எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். மேட்ச்சுக்கான ஐந்து பேரைப் பாய் அங்கேயே நின்று வாயால் சொன்னார், முதல் பெயர் சகாயம். அண்ணன் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் முகத்தைத் துடைத்தபடி போனார். ஒவ்வொருவராக எல்லாரும் போனார்கள்.

நான் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பழைய ஒண்ணாம் கோர்ட்டில், 'மூன்று' என்ற பலகைக்குக் கீழே பாய் மட்டும் நின்றார். அந்தக் கோர்ட்டில் வேறு யாரும் பாக்கி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு அது பலகையை மாற்றச் சொன்னபோதே தெரிந்திருக்கும். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுச் சொன்னார்.

"இனிமே நான் மூணாவது, தம்பி. எங்கயாவது ஆள் குறைஞ்சா என்னைக் கூப்பிடச் சொல்லு."

பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் மறைந்தார். இத்தனை வருஷம் கோடு போட்டும், எந்தக் கோர்ட் ஒண்ணாவது என்று யாராவது கேட்டால், இன்றைக்கு அங்கே யார் ஆடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.