சித்தியின் பல்லும் மாமாவின் சலவையும்

என் மாமாவுக்கு உலகத்தில் இரண்டு வகைப் பொருள்கள்தான் இருந்தன: வெளுத்தவை, இனி வெளுக்க வேண்டியவை. கண்டி நகரத்தில் ஒரு சலவைக்கடையில் அவர் வேலை பார்த்தார். ஏரியைச் சுற்றியிருந்த ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் மேசை விரிப்புகளும் மூட்டை மூட்டையாக அங்கே வரும். தேநீர் சிந்தியது, குழம்பு பட்டது, ஆணித் துரு ஏறியது என்று ஒவ்வொரு கறைக்கும் அவரிடம் ஒரு மருந்து இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பார்ப்பதற்கு முன் என் சட்டையைப் பார்ப்பார். "இது பலாக்காய்ப் பால். தேங்காய் எண்ணெய் போட்டாத்தான் போகும்" என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பின்னால் நடந்த அவ்வளவுக்கும் அதுதான் காரணம்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். இவர்கள் இருவருக்கும் இளையவர் சித்தி. அவர் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தாத்தாவோடு இருந்தார். பத்தாம் வகுப்பு முடித்திருந்தார். வேறு வேலை எதுவும் அமையாததால் அந்த மாத முடிவில் அவருடைய பெயரைத் தோட்டத்தில் பதிந்துவிடுவது என்று தாத்தா கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவைத்திருந்தார். பெயர் பதிந்தால் மறுநாள் விடியலிலிருந்து கூடையோடு மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் ஒரு செய்தி வந்தது. அப்பா கணக்கெழுதிய இரும்புக்கடைக்கு எதிரே இருந்த புடவைக்கடைக்கு விற்பனைக்கு ஒரு பிள்ளை தேவை. அந்த முதலாளி அப்பாவிடம் சொன்னதை அப்பா வீட்டில் அப்படியே ஒப்பித்தார்: "முகங்குடுத்து, சிரிச்சுப் பேசுற பிள்ளையா இருந்தா கூட்டிட்டு வாங்க."

அதில் 'சிரித்து' என்ற இடத்தில் அம்மாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சித்தியின் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் இருந்தன. நடுவில் உள்ள இரண்டு பற்களில் அவை பட்டைபட்டையாக ஓடி, ஓரத்தில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டுகளில் முடியும். சிரிப்பு வந்தால் அவருடைய வலது கை தானாக வாய்க்குப் போய்விடும். பேசும்போதும் உதடுகள் பாதிதான் திறக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வெற்றிலை தின்கிறவள் என்றார்கள். வீட்டில் ஒழுங்காகப் பல் தேய்க்காதவள் என்றார்கள். இரண்டாவதைச் சொன்னவர்களில் மாமாவும் ஒருவர்.

சித்தி ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கடைக்குப் போக இரண்டு வாரம் இருந்தது. வந்த அன்றே மாமா அவரை ஜன்னல் வெளிச்சத்தில் கதிரையில் உட்கார்த்தி, விரிப்பைப் பிரித்துப் பார்ப்பதுபோல உதட்டை விலக்கிப் பார்த்தார்.

"பழைய கறை. தேத்தண்ணிக் கறை. ஊறிப் போச்சு" என்றார்.

"எல்லாரும்தான் தேத்தண்ணி குடிக்கிறோம்" என்றார் அம்மா.

"எல்லாரும் தேய்க்கிறோம்ல?"

சித்தி பதில் சொல்லப் பார்த்தார். உதடு மாமாவின் விரல்களுக்கிடையில் இருந்தது.

முதல் சிகிச்சை அடுப்புக்கரியும் கல்லுப்பும். கரியை அம்மியில் பொடித்து உப்போடு கலந்து, காலையிலும் மாலையிலும் விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும் என்பது மாமாவின் உத்தரவு. சித்தி ஒரு முறைகூடத் தவறவில்லை. நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பேன். கறுப்புத் துப்பலில் மெல்ல மெல்லச் சிவப்பும் கலந்து வந்தது. ஈறு கிழிந்துவிட்டது. பல்லில் கோடுகள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன.

"மேலே உள்ள அழுக்குப் போயிருச்சு. இனி உள்ளே உள்ளதை எடுக்கணும்" என்றார் மாமா. விரிப்புகளில் துருக் கறைக்கு அவர் தேசிக்காய் என்கிற எலுமிச்சையின் சாறு பிழிந்து, உப்புத் தூவி, வெயிலில் காயப்போடுவார். வெயிலை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பல்லுக்குச் செய்தார். பாதித் தேசிக்காயால் தேய்த்து, சாறு ஊறும்வரை வாயைத் திறந்து வைத்திருக்கச் சொன்னார். சில நாட்களில் பல் உண்மையிலேயே கொஞ்சம் வெளிறியதுபோலத் தெரிந்தது. ஆனால் அதன் பளபளப்புப் போய், சிலேட்டுக் குச்சிபோல ஆகிவிட்டது. கண்டியின் குழாய்த் தண்ணீர் எப்போதும் குளிர்ந்திருக்கும். அதில் ஒரு வாய் கொப்பளித்ததும் சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தேநீரையும் ஆறவைத்துத்தான் குடித்தார், ஒரு பக்கமாக.

"கூசுதுண்ணே" என்றார்.

"கூசுதுன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அதற்கடுத்த நாள் மாமா கடையிலிருந்து ஒரு சிறு பொட்டலம் கொண்டுவந்தார். அவர் சட்டைப் பையிலிருந்து எடுக்கும்போதே வீடு முழுவதும் நெடி அடித்தது. அம்மா அடுப்படியிலிருந்து அகப்பையோடு வெளியே வந்தார்.

"என்னடா அது?"

"கொஞ்சம்தான்கா. வெளுக்கிற பவுடர். தண்ணியில நல்லாக் கரைச்சு..."

"வாய் என்ன பெட்ஷீட்டா? புள்ள தொண்டை வெந்து போகும்டா! கொண்டு போய் வெளியே கொட்டு. இல்ல, உன் வாயில முதல்ல போட்டுக் காட்டு."

மாமா வெளியே போய்க் கொட்டிவிட்டு வந்தார். அந்த இடத்தில் வெகுநாள் புல் முளைக்கவில்லை. இதை நான் பிறகு பலமுறை போய்ப் பார்த்து உறுதி செய்திருக்கிறேன்.

ஆனால் சலவைக்காரனுக்குக் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு: நீலம். வெளுக்க மறுக்கும் வெள்ளைத் துணியை நீலத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால், மஞ்சள் தெரியாமல் வெள்ளையாகக் காட்டும். "இது கறை எடுக்கிற வேலை இல்லை, கண்ணை ஏமாத்துற வேலை. ஒரு ஆபத்தும் இல்லை" என்று அம்மாவிடம் விளக்கி அனுமதி வாங்கினார். அம்மாவும் களைத்துப் போயிருந்தார். புதன்கிழமை மாலை மாமா நீலத்தைக் கரைத்து, பஞ்சில் தொட்டு, சித்தியின் பற்களில் மிகக் கவனமாகப் பூசினார்.

தேசிக்காய் அரித்து வைத்திருந்த பல் நீலத்தை ஆவலாக உறிஞ்சிக்கொண்டது. பழுப்புக் கோடும் நீலமும் சேர்ந்து பாசி நிறமாயின. ஈறு ஓரமெல்லாம் மைக்கோடு. அம்மா பச்சை என்பார். என் நினைவில் அது மயில் கழுத்தின் நிறம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சித்தி அலுமாரிக் கண்ணாடியில் பார்த்தார். கொப்பளித்தார்; போகவில்லை. மறுபடி பார்த்தார். பிறகு துணிப்பையை எடுத்து உடுப்புகளை மடித்து வைக்க ஆரம்பித்தார்.

"நான் போறேன்க்கா. பேரையே பதிஞ்சுக்கிறேன். மலையில யாரு பல்லப் பார்க்கப் போறாங்க?"

மாமா நீலக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா பையைப் பறித்து அலுமாரிக்கு மேலே போட்டார். "காலையில பல் ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீயும் வர்றடா. நீதானே சிங்களம் பேசுவ" என்றார்.

இப்படியாக வியாழக்கிழமை காலையில் நாங்கள் நால்வரும் போனோம். பல் வைத்தியர் ஒரு சிங்களப் பெண்மணி, அம்மாவைவிட இளையவர். சித்தியை நாற்காலியில் சாய்த்து, சிறு கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். பார்த்தவர் நிமிர்ந்து எங்கள் எல்லாரையும் பார்த்தார்.

"கவுத மே மோட வெடே களே?"

இந்த முட்டாள் வேலையைச் செய்தது யார் என்பது அதன் பொருள். கண்டியில் வளரும் எந்தக் குழந்தைக்கும் அதில் 'மோட' மட்டுமாவது விளங்கும். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டொக்டர் நோனா என்ன கேக்குறாங்கன்னா... வீட்டுல ஏதாச்சும் வைத்தியம் பண்ணினீங்களான்னு."

"எங்களுக்கு வெளங்குது. நீ பதிலைச் சொல்லு" என்றார் அம்மா.

மாமா சொன்னார். கரி, உப்பு, தேசிக்காய், நீலம். வெளுக்கும் பவுடரைச் சொல்லாமல் விட்டார், அம்மா "பவுடர்!" என்றதும் அதையும் சொன்னார். வைத்தியர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்டனம் சொல்ல, மாமா அதையெல்லாம் தாமே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. கரியும் உப்பும் பல்லை மணற்தாள்போலச் சுரண்டும், ஈறைக் கிழிக்கும். தேசிக்காய் பல்லின் மேற்பூச்சையே கரைத்துவிடும்; கரைந்தது திரும்ப வளராது. அந்தப் பவுடரைப் போட்டிருந்தால் இன்று இந்த நாற்காலியில் அல்ல, வேறு வார்டில் படுத்திருப்பார். இவ்வளவையும் மாமா, "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமாம்" என்று ஒரே வரியில் எங்களுக்குத் தந்தார். அவர் காதுகள் சிவந்திருந்தன.

பிறகு வைத்தியர் சித்தி சிறு வயதில் எங்கே இருந்தார் என்று கேட்டார். பஞ்ச காலத்தில் தாத்தா குடும்பத்தோடு வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிச் சில வருடம் குடியிருந்தார். சித்தி அப்போது நடை பழகிய குழந்தை. மாமா இதைச் சொன்னதும் வைத்தியர் தலையாட்டினார். அந்தப் பக்கத்துச் சில கிணறுகளின் நீரில் ஒரு தாது மிகுதியாக இருக்கும். ஈறுக்குள் பெரிய பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் அதைக் குடித்தால் கறை பல்லோடு பல்லாகவே வளர்ந்துவிடும் என்றார். மாமா விடவில்லை. நாங்களும் அதே கிணற்றுத் தண்ணீரைத்தானே குடித்தோம், எங்கள் பல் வெள்ளையாக இருக்கிறதே என்று வாதாடினார். உங்கள் முன்பற்கள் அதற்கு முன்பே வளர்ந்து முடிந்துவிட்டன என்று வைத்தியர் பதில் சொன்னார்.

சித்தி நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தார்.

"அண்ணே. இன்னொரு தரம் கேளுங்க. நான் ஒழுங்காத் தேய்க்காததால இல்லையான்னு கேளுங்க."

மாமா கேட்டார். வைத்தியர், இல்லை, எவ்வளவு தேய்த்தாலும் இது போயிருக்காது, சொத்தை ஒன்றுகூட இல்லை, நன்றாகவே பேணியிருக்கிறார் என்றார். இதை மட்டும் மாமா ஒரு சொல்லும் குறைக்காமல், மெதுவாக, சித்தியைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். வெளியே ஒன்றுமில்லை, ஒரு மதில்தான். நான் எட்டிப் பார்த்தேன்.

மென்மையான பிரஷ், கொஞ்சம் பற்பசை, அழுத்தாமல் தேய்த்தல். கூச்சம் அடங்கும்வரை புளிப்பு வேண்டாம். ஈறு ஆறிய பிறகு வந்தால் கறையைக் கொஞ்சம் மங்கச் செய்யலாம், அதையும் வைத்தியர்தான் செய்ய வேண்டும். பல் காகிதம்போல வெள்ளையாக இருக்கத் தேவையில்லை என்றும் சொன்னார். பல மாதம் கழித்துச் சித்தி அதைச் செய்துகொண்டார். கோடுகள் மங்கின, முற்றாகப் போகவில்லை. அன்று நீலத்தை மட்டும் துடைத்தெடுத்து அனுப்பினார்கள்.

சனிக்கிழமை அம்மாவும் நானும் சித்தியைப் புடவைக்கடைக்குக் கூட்டிப் போனோம். மாமா எதிர்ப் பக்கத்து நடைபாதையில் நின்றுகொண்டார். முதலாளி இரண்டு சேலைகளை விரித்து மடிக்கச் சொன்னார், கணக்கு ஒன்று கேட்டார். எல்லாம் நன்றாகப் போனது. பிறகு அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு சித்தியின் வாயைப் பார்த்தார்.

"வெத்தலை போடுவியாம்மா?"

"இல்லீங்கய்யா."

"உண்மையச் சொல்லு. போன தடவை ஒருத்திய வெச்சு, நல்ல சேலையில துப்பல் தெறிச்சு, வாங்க வந்தவங்க அதை என் முகத்துல வீசிட்டுப் போனாங்க."

அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார். சித்தியின் வலது கை மேலே எழுந்தது. பாதி வழியில் நின்று, மேசையைப் பிடித்துக்கொண்டது.

"இது தண்ணியால வந்ததுங்கய்யா. சின்னதுல வவுனியாப் பக்கம் இருந்தோம். தேய்ச்சுப் போற கறை இல்ல, டொக்டரே சொன்னாங்க. சந்தேகம்னா நாக்கைப் பாருங்க, சிவந்திருக்கா?" என்று சொல்லி நாக்கை நீட்டியே காட்டிவிட்டார்.

முதலாளி ஒரு அடி பின்வாங்கினார். காசு மேசையில் இருந்த அவர் மனைவி குலுங்கிச் சிரித்தார்.

"சரி, சரி, உள்ளே போடு" என்றார் முதலாளி. "திங்கக்கிழமை வா. முதல்ல ஜாக்கெட்டுத் துணிப் பக்கம். பிறகு பார்ப்போம்."

தாத்தாவிடம் உடனே சொல்லிப் பெயர் பதிவதை நிறுத்த வேண்டும் என்று அன்றே சித்தி கலஹா பஸ் ஏறினார். துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். பேராதனை தாண்டியதும் பக்கத்தில் இருந்த அம்மாள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சித்தி கடை, சேலை, முதலாளி, நாக்கு என்று எல்லாவற்றையும் சொல்ல, இருவரும் சேர்ந்து பஸ் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்கள். சித்தியின் முன்பற்கள் அத்தனையும் வெயிலில் தெரிந்தன, கோடுகளோடு. எனக்குப் பதற்றமாகிவிட்டது. சந்தோஷத்தில் வாயை மூட மறந்துவிட்டாரே, எல்லாரும் பார்க்கிறார்களே என்று தவித்தேன். அவரை வெட்கப்படுத்தாமல் நினைவூட்ட நினைத்து, என் கைக்குட்டையை எடுத்து மெல்ல அவர் கையில் திணித்தேன்.

சித்தி அதை வாங்கி, பேச்சை நிறுத்தாமலே, என் மூக்கை அழுத்தித் துடைத்துவிட்டார். என் மூக்கில் அன்று ஒன்றும் இல்லை.