துணிக்கு வெளியே இரண்டு கைகள்

சலூன்காரர் வாய்க்குப் பூட்டுப் போட ஆள் இன்னும் பிறக்கவில்லை என்று தெருவே சொல்லும். கழுத்தில் துணியைக் கட்டிவிட்டாரென்றால் ஊர்வம்பு முழுக்கக் காதில் விழும். தலையை மட்டும் ஆட்டக்கூடாது. மூக்கு அரிக்கிறதென்று யாராவது நெளிந்தால், "அசையாதீங்க, காது என் கையில இருக்கு" என்பார். உட்கார்ந்திருப்பவர் சிரிப்பார். அதற்கும் ஒரு அதட்டல் விழும்.

அப்பேர்ப்பட்டவர் பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் அசையாமல் கிடந்தார். விழிப்பு வந்துவிட்டது. தொண்டைக் குழாயை எடுத்ததுகூடத் தெரிந்தது. இமைதான் திறக்கவில்லை. மூச்சு பாதிதான் உள்ளே வந்தது. உடம்பு அசையாமலிருக்கத் தசையைத் தளர்த்தும் மருந்து போடுவோம், முடிந்ததும் அதை முறிக்க வேறொரு மருந்து போடுவோம் என்று மயக்க மருந்து டாக்டரம்மா காலையில் சொல்லியிருந்தார். அந்த இரண்டாவதை மறந்துவிட்டார்களோ?

"நல்லா தூங்குறாரு" என்றாள் ஒரு நர்ஸ்.

"தூங்கட்டும். காலையிலேர்ந்து மனுஷனுக்கு வாய் ஓயல" என்றாள் இன்னொருத்தி.

தூங்கலம்மா, மூச்சு முட்டுது என்று உள்ளுக்குள் கதறினார். உதடு பிரியவில்லை. வெளியே பெஞ்சில் மனைவி காத்திருக்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே போய்விடுவோமோ என்று நினைத்தபோது அழுகை வந்தது. அதுவும் வெளியே வர வழியில்லை. உயிரைக் கொடுத்து முயன்றதில் கட்டைவிரல் லேசாகத் துடித்தது. ஆனால் போர்வை கழுத்துவரை மூடியிருந்தது. யார் கண்ணில் படும்?

டாக்டரம்மா வந்து போர்வையை விலக்கினார். "ஐயா, என் விரலை இறுக்கிப் பிடிங்க."

அவர் பிடித்தார். பிடித்ததாக நினைத்தார்.

"விரல் துடிக்குது, ஆனா பிடியே இல்லையே! முழிச்சுத்தான் இருக்காரு, மருந்து முழுசா முறியல. முறிமருந்து இன்னொரு ஊசி, சீக்கிரம்! ஐயா, பயப்படாதீங்க, இங்கயேதான் இருக்கேன்." முகத்தில் மாஸ்க் அழுந்தியது. ஊசி ஏறிய சற்று நேரத்தில் நெஞ்சு நிறைய மூச்சு வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது.

கடையைத் திரும்பத் திறந்த அன்று முதல் ஆளாக வந்தவர் பக்கத்து மளிகைக்காரர். சலூன்காரர் துணியைக் கட்டினார். பிறகு அதற்குள் கிடந்த இரண்டு கைகளையும் வெளியே எடுத்து நாற்காலிப் பிடியில் வைத்தார்.

"சட்டையெல்லாம் முடி ஆயிடுமேண்ணே?"

"ஆகட்டும், தட்டி விட்டுக்கலாம். ஏதாவதுன்னா கையைத் தூக்குங்க."

பாதி வெட்டில் மளிகைக்காரர் கை எழுந்தது. கத்தரி சட்டென்று நின்றது.

"என்னாச்சு? மூச்சு வருதா?"

"மூக்கு அரிக்குதுண்ணே."

"சொறிஞ்சுக்குங்க" என்று கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, சலூன்காரர் பேசாமல் காத்திருந்தார்.