பரமு அண்ணையின் ரேடியோ என்னிடம் இருக்கிறது

இன்று மாலையும் என் ரேடியோவோடு கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போனேன். பொழுது சாயும்போதுதான் கடலுக்கு அங்காலுள்ள தூரத்து ஸ்டேஷன்கள் பிடிபடும். எங்கள் பக்கத்தில் அதைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் நானும் பரமு அண்ணையும்தான். அவர் விசாவுக்காக லொட்ஜில் காத்திருப்பவர்.

இன்று அவருடைய ரேடியோ மட்டும் கல்லின் மேல் இருந்தது. ஏதோ அரபுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒற்றைச் செருப்பு.

ரோந்து வந்த ஆமிக்காரப் பொடியன், "மேக்க காகேத?" என்றான். யாருடையது என்று கேட்கிறான்.

ஆளில்லாத சாமான் என்றால் குண்டு என்று சொல்லி அண்ணையைத் தேடுவார்கள்.

"மகே, புதே" என்றேன். என்னுடையது, மகனே என்று. ஐந்தாம் வகுப்போடு நின்றாலும், பொய் சொல்லும் அளவுக்குச் சிங்களம் எனக்கு வரும்.

"அப்ப ரெண்டு ரேடியோ என்னத்துக்கு?" என்று சிங்களத்திலேயே கேட்டான்.

"ஒண்டு தமிழுக்கு, மற்றது சிங்களத்துக்கு."

அவன் சிரிக்கவில்லை. "அங்கிளின்ர ரேடியோவைக் கொண்டு போங்கோ, அம்மே. நாளைக்கு இந்தப் பக்கம் வரவேண்டாம்."

நேரே லொட்ஜுக்குப் போனேன். முதலாளி குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் அவருக்குச் சொந்தமே, அக்கா? இல்லையெண்டா விசாரிக்காதேங்கோ."

இப்போது ரேடியோ என் மேசையில். வீட்டுக்குள் வெறும் இரைச்சல்தான் கேட்கிறது. ஆனாலும் அவர் வைத்த இடத்திலிருந்து முள்ளை நான் அசைக்கவில்லை.

நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி பேத்தி இதை இணையத்தில் போட்டுத் தந்தாள். அண்ணையைக் கண்டவர்கள் எழுதுங்கள்.

அதுவரை பற்றரி என் செலவு.