வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமை சப்பாத்து தேடிய கதை

கடந்த ஒக்டோபரில் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஆங்கில ஆசிரியர்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி நடந்தது. இலங்கை மலையகத்தில், கொட்டகலையிலிருந்து போனவன் நான் ஒருவன்தான். அது முடிந்ததும் வியன்னாவைச் சுற்றிவிட்டு வரலாமென்று விமானச்சீட்டைத் திங்கட்கிழமைக்குப் போட்டிருந்தேன். ஐரோப்பிய நகரமொன்றில் இரண்டு மூன்று நாள் தங்கிச் சாமான் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பண்ணிய மடத்தனத்தையும் மறைக்கப் போவதில்லை.

வாங்க வேண்டியிருந்தது ஒரே ஒரு சாமான், அக்காவுக்குச் சப்பாத்து. அக்கா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அவள் பாதம் நீளம், அகலமும் கூட. ஹட்டன் பஸாரில் அந்த அளவுக்குப் பெண்கள் சப்பாத்து கிடைக்காது, எப்போதும் ஆண்கள் செருப்புத்தான். எங்கள் தோட்டத்து மாதா கோயிலில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். ஆண்களுடையது வலப்பக்கம், பெண்களுடையது இடப்பக்கம். அக்கா இடப்பக்கம்தான் வைப்பாள். பூசை முடிந்து வந்து பார்த்தால், யாரோ ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஆண்கள் பக்கம் தள்ளியிருப்பார்கள். அவள் அந்தக் குவியலில் குனிந்து தேடுவாள், நாலு பேர் சிரிப்பார்கள். ஜனவரியில் அதே கோயிலில் அவள் மகளுக்குக் கல்யாணம்.

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம்டா தம்பி. வெள்ளக்காரப் பொம்பளைங்களுக்குக் காலு பெருசுன்னு சொல்றாங்களே. பொம்பள சப்பாத்தா ஒரு ஜோடி பாரு. மக கல்யாணத்தன்னைக்காவது அந்தப் பக்கம் போயி தேடாம இருக்கணும்,” என்றாள்.

அப்பா இறந்தபின் என்னைப் படிக்க வைத்தவள் அவள். தனக்கென்று வாயைத் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. கலண்டர் தாளொன்றைத் தரையில் விரித்து, அவள் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, மடித்துக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

வியன்னாவில் சனிக்கிழமை காலை எட்டரைக்கு நாஷ்மார்க்ட் சந்தை. அதையொட்டிச் சனிக்கிழமைகளில் மட்டும் பழைய சாமான் சந்தை ஒன்று கூடுகிறது. பீங்கான், கடிகாரம், ஓவியச் சட்டம் என்று தரையில் பரப்பி வைத்திருக்கிறார்கள். பேரம் பேசலாம், பன்னிரண்டு யூரோ சொன்ன கோப்பியரைக்கும் கருவியை எட்டுக்கு வாங்கினேன். அங்கிருந்து இருபது நிமிட நடையில் மரியாஹில்ஃபர் வீதி. உடுப்புக் கடையும் சப்பாத்துக் கடையும் வரிசையாக இருந்தன. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, நாளைக்கு ஆறுதலாக வந்து வாங்கலாமென்று அரண்மனை பார்க்கப் போய்விட்டேன்.

ஏன் நாளைக்கு? தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவனுக்கு டவுனுக்குப் போவதென்றால் ஞாயிற்றுக்கிழமைதான். ஆறு நாளும் மலையில் வேலை, ஏழாம் நாள் சம்பளத்தோடு ஹட்டன். அன்றைக்குப் பஸாரில் கால் வைக்க இடமிருக்காது. ஞாயிறு கடை பூட்டியிருக்கும் என்ற நினைப்பே என் புத்தியில் இல்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்த வீதியில் நானும் புறாக்களும்தான். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தேன், ஒரு கதவும் திறக்கவில்லை. விடுதி வரவேற்பில் இருந்த இளைஞரிடம் கேட்டபோது, இங்கே ஞாயிறு கடைகள் திறப்பதில்லை, ரயில் நிலையங்களில் மட்டும் சில இருக்கும் என்றார். நிலையத்துக்கு ஓடினேன். பாண் ரொட்டியும் பூவும்தான் கிடைத்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த இளைஞர்தான் திரும்பி வந்த என்னைப் பார்த்து மனமிரங்கி, பெரிய அளவுப் பெண்கள் சப்பாத்து விற்கும் கடையொன்றைத் தேடிப் பிடித்தார். திங்கள் பத்து மணிக்குத் திறக்கும். என் விமானம் பன்னிரண்டு நாற்பதுக்கு.

திங்கள் ஒன்பது மணிக்குப் பெட்டியோடு அந்தக் கடை வாசலில் நின்றேன். உள்ளே ஐம்பது வயதிருக்கும் அம்மா ஒருவர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துப் பத்து விரலையும் காட்டினார். கலண்டர் தாளை விரித்துக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். கிட்ட வந்து அந்தப் பாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பூட்டைத் திறந்தார்.

தாளை அளந்து, நாற்பத்து நான்கு என்றார். பெட்டியை எடுக்கப் போனவர் திரும்பி, கோடு போடும்போது காலில் ஏதாவது போட்டிருந்தாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். உடனே அக்காவுக்கு அழைத்தேன். அங்கே மத்தியானம், கொழுந்து நிறுவை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள்.

“அக்கா, கோடு போட்டப்ப மேசு போட்டிருந்தியா?”

“ஆமாடா, மழைக் குளிருல்ல? ரெண்டு மேசு, ஒண்ணு மேல ஒண்ணு. ஏன், கழட்டணுமா?”

இரண்டு காலுறையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னதும், அந்த அம்மா சிரித்துக்கொண்டே நாற்பத்து மூன்றை எடுத்தார். கறுப்புத் தோல், தாழ்ந்த குதி, பக்கத்தில் சின்னதாய் ஒரு பொத்தான். விலை எழுபத்தொன்பது யூரோ. கைகூப்பி நன்றி சொன்னேன், அவரும் அதேபோலக் கைகூப்பினார். அவர் பெயரைக் கேட்காமல் வந்தது இன்றைக்கும் உறுத்துகிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கடை வேலையைச் சனிக்கிழமை மாலை ஆறுக்குள் முடித்துவிடுங்கள். ஞாயிற்றை அருங்காட்சியகத்துக்கு வையுங்கள். எழுபத்தைந்து யூரோவுக்கு மேல் வாங்கினால் வரி திரும்பப் பெறும் படிவம் கேளுங்கள், கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். நான் படிவம் வாங்கியும், விமான நிலையத்தில் வரிசையைப் பார்த்துவிட்டு ஓடிவிட்டேன். வியன் மிட்டே நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குச் சாதாரண ரயிலில் இருபத்தைந்து நிமிடம்தான். யாருக்காவது சப்பாத்து வாங்குவதென்றால், தயவுசெய்து மேசுகளைக் கழற்றச் சொல்லிவிட்டுக் கோடு போடுங்கள்.

கல்யாணத்தன்று அக்கா லயத்திலிருந்து கோயில்வரை அந்தச் சப்பாத்தோடு நடந்து வந்தாள். வாசலில் நின்று கழற்றினாள். “இன்னைக்காவது போட்டுக்கிட்டே உள்ள வாயேன்க்கா, அவ்வளவு தூரத்துல இருந்து தூக்கிட்டு வந்தேன்,” என்றேன்.

“கழட்டி வைக்கத்தானடா கேட்டேன்,” என்றாள்.

பூசை முடிந்து வெளியே வந்தோம். இடப்பக்கம், பெண்களின் செருப்புகளுக்கு நடுவே, அவள் வைத்த இடத்திலேயே அது இருந்தது.